ஜெர்மனுக்கு இரண்டு நொடி கூட

லியோனில்
ரோனும் சோனும் கூடுமிடத்தில் எங்கள் கட்டடம்.
ஒன்று பச்சை, ஒன்று கலங்கல்.
கூடிய பிறகும் கொஞ்சத் தூரம்
தனித்தனியாகத்தான் ஓடுகின்றனவாம்.
ஜன்னலோர மேசைக்காரர்கள் சொல்வார்கள்.
எனக்குக் கிடைத்தது சுவரோரம்.

என் வேலை வெட்டுவது.
உலகம் நாற்பது நிமிடமாய் வரும்,
ஒன்றேகால் நிமிடமாய்ப் போகும்.
ஹோட்டல் வரவேற்பறைகளிலும் விமான நிலையங்களிலும்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் அலைவரிசை எங்களுடையது.
ஆனாலும் ஒரே படத்துக்கு ஒன்பது மொழியில் குரல்.
ஒரே படகில் வந்தவர்களை
ஒரு மேசை அகதி என்றது, அடுத்தது குடியேறி,
மூன்றாவது வெறுமனே "நாற்பத்தாறு பேர்".

இத்தாலியன் முந்தி முடிந்துவிடும்.
ஜெர்மனுக்கு எப்போதும் மூச்சுப் போதாது.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து
இரு விரல் காட்டுவாள் அன்னெக்ரெட்:
இன்னும் இரண்டு நொடி.
கொடுப்பேன்.
யாரோ ஒருவர்
ஜெர்மனியில் மட்டும்
இரண்டு நொடி கூடுதலாக
இடிந்த வீட்டின் முன் நிற்பார்.

தமிழுக்கு எங்களிடம் குரல் இல்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை புயல் வந்தது.
"இலங்கை, கிழக்குக் கரை. சேதம். பெண், உள்ளூர் மொழி."
பத்தொன்பது ஆண்டில் முதல் தடவையாக
வேலை நேரத்தில் என் மொழி.
கூடவே மொழிபெயர்ப்பும் வந்திருந்தது:
"எல்லாவற்றையும் இழந்துவிட்டோம்."
காதில் மாட்டினேன்.
அவர் சொன்னது:
"தம்பி, காலை எடும். என்ர வலையில நிக்கிறீர்."

நான்கு தடவை கேட்டுவிட்டு
ஃப்ளோரியானிடம் போனேன்.
அன்றைய செய்திப் பொறுப்பு அவனுக்கு,
முன்னால் மூன்று கோப்பை ஆறிய காபி.
"அப்படியானால் அவர் இழக்கவில்லையா?"
"இழந்திருப்பார். ஆனால் சொல்லவில்லை."
"சொல்லியிருந்தால் இதைத்தானே சொல்லியிருப்பார்?"
கெட்டவன் இல்லை. நான்கு நிமிடம்தான் மிச்சம்.
நானும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

எட்டு மொழியில் அவர் எல்லாவற்றையும் இழந்தார்.
ஒன்பதாவதில் இரு விரல் தெரிந்தது.
நீட்டினேன்.
நீட்டிய இடத்தில்
அன்னெக்ரெட்டின் குரலுக்கு அடியில் கிடந்த சத்தத்தை
ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து ஒரு புகார்.
வூப்பர்டாலிலிருந்து கௌரிதாசன், பஸ் ஓட்டுநர்.
ஜெர்மனில்,
கோபத்திலும் ஒரு வேற்றுமை உருபு பிசகாமல்:
மொழிபெயர்ப்புத் தவறு.
அந்த அம்மா வலையைப் பற்றிப் பேசுகிறார்.
இவ்வளவு புயலுக்குப் பிறகும்
அவரிடம் ஒரு வலை இருக்கிறது.
அது உங்களுக்குச் செய்தி இல்லையா?
கீழே, தனி வரியில், தமிழில்:
அந்தப் பொடியன் காலை எடுத்தவனோ?

ஏழு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும்.
மொழி தெரிந்தவன் என்று என்னிடம் தள்ளினார்கள்.
படிவத்தில் முதல் கேள்விக்குக் கட்டம் இருந்தது.
இரண்டாவதுக்கு இல்லை.

இரவுப் பணியில் பழைய கோப்பைத் திறந்தேன்.
நாற்பத்தொரு நிமிடம், வெட்டாதது.
தலை போன தென்னைகள்,
கூரை இல்லாத தேவாலயம்,
கவிழ்ந்த படகின் முதுகில் ஒரு காகம்,
பிஸ்கட் பெட்டிகளை எண்ணுகிற இருவர்,
எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து.
பதினோராம் நிமிடம், ஆறாவது நொடி.
அவர் சொல்லி முடித்த மறுகணம்
தொடுவானம் சாய்கிறது.
வானம் உள்ளே சரிகிறது.
ஒரு செருப்பு, கொஞ்சம் மணல்.
பிறகு படம் நேராகிறது,
ஓரடி இடப்புறமாக.

பட்டியலில் அந்த இடத்துக்கு எதிரே
அன்று நானே தட்டியிருக்கிறேன்:
"ஆட்டம். பயன்படாது."