நாற்பத்தேழாம் பத்தி

இந்த ஆண்டில் மட்டும்
என்னைப் பதினொரு முறை நாடு கடத்தியிருக்கிறார்கள்.

தொழில் அப்படி.
அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ள விதியில் இடமில்லை.

டப்ளின், உயர் நீதிமன்றம்.
லிஃபி ஆற்றுக் கடற்காகங்கள்
சன்னல்வரை வந்து கத்திவிட்டுப் போகின்றன.
இன்றைக்கு நான்
நோதார் க்விரிகாஷ்விலி, வயது நாற்பத்து நான்கு,
மோனஹனில் காளான் பண்ணை,
இருட்டுக் கொட்டகையில் ஏழு வருடம்,
எவ்வளவு தேய்த்தாலும் போகாத நகக்கண் கறுப்பு.

நீதிபதி வாசிக்கிறார்,
வருகைப் பதிவேடு வாசிக்கும் குரலில்.
அரை வாக்கியம் பின்தங்கி ஓடுகிறேன்
எங்கள் ஜார்ஜிய மொழியில்,
நோதாரின் இடது காதுக்குள்.

நாற்பத்தேழாம் பத்திக்கு வருகிறார்.
அமைச்சகத்தின் உத்தரவு சொல்கிறதாம்:
“ஃபோர்ட்டலேசாவில் உமக்கு மூன்று சகோதரர்கள்.
திரும்பிப் போனால் அவர்கள் ஆதரிப்பார்கள்.”

நோதார் என்னிடம் குனிகிறார்:
“அது எங்கே இருக்கிறது?”
பிரேசிலில் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்ததைச் சொல்ல நான் யார்.
கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் எழுப்புகிறேன்:
அது எங்கே இருக்கிறது?
அறை சிரிக்கிறது.
நீதிபதி சிரிக்கவில்லை.

இன்னொருவர் வாழ்க்கையை எடைபோட்டு
இவரை அனுப்ப முடியாது என்கிறார்.
உத்தரவு ரத்து.
கோப்பு மீண்டும் அமைச்சகத்துக்கு,
புதிதாகப் பரிசீலிக்க.
செலவுத்தொகை பற்றி வெள்ளிக்கிழமை.
எல்லோரும் எழுகிறோம்.

நடைக்கூடத்தில் நோதார் கேட்கிறார்,
நான் ஜெயித்துவிட்டேனா?
வழக்கறிஞர் க்ரோன்யாவிடம் நான் கேட்கிறேன்,
நான் ஜெயித்துவிட்டேனா?
அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு,
“ஆறு மாதம்” என்கிறார். “எட்டுகூட ஆகலாம்.”
எண்களை மொழிபெயர்ப்பது எளிது.

அந்த மூவரும் நன்றாக இருக்கட்டும் என்கிறார் நோதார்.
முகம் தெரியாத தம்பிகளாம்.
படியிறங்கப் போனவர் நின்றார்.
“அவர்கள் என் கோப்பில் இருந்தார்கள் என்றால்
என் மகள் யார் கோப்பில் இருக்கிறாள்?”

சொன்னேன், ஒரு சொல்கூட மாற்றாமல்.
எனக்கு மகள் கிடையாது.
நடுவில் குரல் உடைந்தது.
அவர் குரல் உடையவில்லை.
எதையும் சேர்க்கக் கூடாது என்பது முதல் விதி.

எழுத்தர் என் படிவத்தில்
இரண்டரை மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
மூன்று ஆகியிருந்தது.
நான் திருத்தச் சொல்லவில்லை.