நத்தை சாட்சி சொல்லாது

ஓதம் வற்றிய மூன்று மணி நேரம்தான் எங்களுடையது.
சிலோவே தீவில் ஜூலை மாதத்துக்கு
அதற்குமேல் வெளிச்சம் கிடையாது.
மட்டி எடுக்க மூழ்கிய உடையை
இடுப்புவரை உரித்துவிட்டு நிற்கிறேன்.
ரெமிஹியோ பார்க்கிறான்:
கழுத்தில் ரப்பர் கடித்த வளையம்,
விலாவில் கயிறு அறுத்த தழும்பு,
நாற்பத்தொரு வயதுத் தொப்பை.
"இந்தத் தோலுக்குக் குழாயில் நிறம் இல்லை"
என்று பச்சை குழைக்கிறான்,
காலடிச் சேற்றையும் கொஞ்சம் வழித்து.

பாறையில் செருப்பு நத்தைகள்,
ஒன்றின் முதுகில் ஒன்றாய் ஐந்து.
அடியில் கிடப்பது பெண். மேலே ஆண்கள்.
அடியிலுள்ளது செத்தால்
அடுத்தது மெல்லப் பெண்ணாகும்.
ஊர் கூடிக் கேட்பதில்லை.

"பார், இயற்கையே..." என்று தொடங்குகிறேன்.
தூரிகையை நீட்டி நிறுத்துகிறான்.
"அதைச் சாட்சிக்கு இழுக்காதே, எலியாசர்.
அதற்குப் பசி இருக்கிறது, அலை இருக்கிறது.
நம் வழக்கு அதற்கெதற்கு?
தோளை இறக்கு."

காஸ்த்ரோ சந்தையில் நத்தைப் படங்கள்தான் விற்கின்றன.
நான், கம்பளி மூட்டைகளுக்கு நடுவே
ஏழு கித்தானில் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.
என்னோடு பேசாத அக்காகூட
ஒரு நத்தை வாங்கி அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.
எண்ணெய் தெறித்தால் துடைக்கிறாளாம்.
அந்த ஓட்டின் உட்புறப் பச்சை
என் விலாவுக்குக் குழைத்ததில் மிச்சம்.

இன்னும் தோளை இறக்கவில்லை நான்.
அவன் கணுக்காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது.
நகராமல்
காதை வரைந்துகொண்டிருக்கிறான்.