மேல்தட்டு

வலது கையை உயர்த்தச் சொன்னா றிஸ்மியா.
காதுவரை போனது. அதற்கு மேல்
யாரோ சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்ததுபோல்
நின்றுவிட்டது.

திருகோணமலை ஆசுபத்திரி, பதினேழாம் அறை.
மின்விசிறியில் ஒரு இறக்கை வளைவு.

"எத்தனை வருசமா இடியப்பம்?"
பதினாறு. விடியலுக்கு நானூறு,
உள்துறைமுக வீதிக் கடையில்
உரலின் பிடிகளை நெஞ்சோடு சேர்த்து அமத்தி.

"எலும்பு சரி அக்கா. தசையும் சரி.
தசையைச் சுற்றி ஒரு உறை இருக்கு.
எப்பவும் ஒரே அசைவு, ஒரே பக்கம்,
தண்ணியும் குடிக்கிறதில்லை நீங்கள்.
அது தன்னோட தானே ஒட்டிக்கொள்ளுது."

எனக்குத் தெரியும் அதை.
கோழி உரிக்கையில் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில்
ஈரமாய் வழுக்கும் வெள்ளைப் படலம்.
அப்போது அறுத்ததில் விரல் விட்டால் தானாய் விலகும்.
பெட்டியில் இரண்டு நாள் கிடந்தது
கத்தி கேட்கும்.
"அப்ப நான் பெட்டிக்கோழியோ?"
சிரித்தா.

அக்குளின் பின்விளிம்பில் மூன்று விரல் வைத்தா.
இனி அமத்துவா என்று பல்லைக் கடித்தேன்.
அமத்தவில்லை.
வைத்தபடியே இருந்தா.
மணிக்கூட்டின் சின்ன முள்ளு ஒரு சுற்று,
பிறகு இன்னும் அரைச்சுற்று.
வெளியே எவனோ வரிசைக்குச் சண்டை பிடித்தான்.
கடன் சொல்லிப் பார்சல் கட்டின மூன்று பேரின் முகம்
வந்து போனது.
பிறகு, உள்ளே எங்கோ,
தாச்சியில் ஒட்டின பாகு சூடு பட்டு
ஓரத்தால் நழுவுவதுபோல்
ஒன்று இடம் கொடுத்தது.
விரல்கள் ஒரு நெல்லளவு தாழ்ந்தன.
முழங்கைவரை இளஞ்சூடு.

"எவ்வளவு பலமா அமத்தினீங்கள்?"
"அமத்தல்ல அக்கா. அது வருமட்டும் நின்டன்."

எனக்கு அது பிடிக்கவில்லை.
பதினாறு வருசமும்
எதை அமத்தாமல் எடுத்தேன் நான்?
மாவையா, கடைக்காரனிடம் வாடகைத் தவணையையா,
ரகுபரனின் ரியூசன் காசையா?

அடுத்த வியாழனும் வரச்சொன்னா.

வெள்ளி விடிய மூன்றரைக்கு
இரண்டு வருசமாய் எட்டாத மேல்தட்டுக்கு
கையை நீட்டிப் பார்த்தேன்.
நொந்தது, கொஞ்சம். ஆனால் போனது.
மறந்துபோன உப்பு டின் ஒன்று பட்டது விரலில்.
திறந்தால் உள்ளே முழுக்க ஒரே கல்.
கரண்டிக் காம்பால் குத்த ஓங்கினேன்.

பிறகு, சுடுதண்ணி கொஞ்சம் விட்டு
மூடாமல் வைத்துவிட்டு
அடுப்பு மூட்டப் போனேன்.