பக்கம்தான்

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து நேரே வந்துவிட்டேன்.
தொழிற்சாலைச் சட்டைக்கு மேல்
மஞ்சள் மழைக்கோட்டு.
தித்தி கெராவாங் மலைச்சாலை,
மூன்றாவது கொண்டை ஊசி வளைவு.
இடம் பிடிக்க ஆறரைக்கே வந்த குணாளன்
மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில்
இரண்டு தே ஓ பொட்டலம் தொங்கவிட்டு
அதன் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பத்தேகாலுக்கு வருவார்கள் என்று போனில் போட்டிருந்தது.
பதினொன்று ஆகும் என்றார் ஆரஞ்சுச் சட்டைத் தொண்டர்.
டுரியான் கடைச் சீனர் வானத்தைப் பார்த்துவிட்டு
மழைக்கு முன்னால் என்றார்.
அவர் சொன்னதுதான் ஓரளவு நடந்தது.

குணாளன் எழுந்து
தார் மேல் சாக்கட்டியால் பெயர் எழுதினான்.
எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர்:
ஹைக்கல்.
என் லைனில் எனக்கடுத்த மேசை சுரயாவின் தம்பி,
கூலிம் பையன்,
யாரோ கை ஒடிந்து விலகியதால்
போன வாரம்தான் குழுவில் சேர்த்தார்களாம்.
தமிழில் எழுதுறியே, அவனுக்குப் படிக்கத் தெரியுமா என்றேன்.
மேட்டுல ஏறுறவன்
எந்த மொழியையும் படிக்க மாட்டான் என்றான்
'க்'குக்குப் புள்ளி வைத்துக்கொண்டே.

போலீஸ் மோட்டார்கள்.
முதுகில் சைக்கிள் சுமந்த கார்கள்.
பிறகு யாருமில்லை.
குரங்குகள்கூடச் சாலையைக் கடக்காமல்
சுவர் மேல் உட்கார்ந்திருந்தன.

கீழ் வளைவில்
எங்கள் லைன் காலையில் ஓடத் தொடங்கும் அதே சத்தம்.
சங்கிலிகள்.
அதற்கு மேல் மூச்சு,
நூறு பேர் ஒரே கதவைத் தள்ளுவது போல.
தைல வாடை.
ஒருவன் முழங்காலில் காய்ந்த ரத்தம்,
ஒருவன் எதையோ மென்றுகொண்டிருந்தான்,
ஒருவன் என்னைப் பார்த்தான், பார்க்கவில்லை.
கருப்புச் சட்டைகளில் உப்பு
வெள்ளை வெள்ளையாய் வரைபடம் போட்டிருந்தது.
பதினேழு நொடி.
நான் எண்ணவில்லை, போன் எண்ணியது.
பிறகு பார்த்தால் பாதிப் படத்தில்
என் கட்டைவிரல்.

யார் முதலில் போனது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
குணாளன் மட்டும் தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தான்.

ஆட்கள் கிளம்பினார்கள்.
மழை வந்தது.
சாக்கட்டி கரைந்து ஓட
ஹைக்கலில் 'ல்' மட்டும் மிஞ்சியது.
சின்னச் சின்னக் கூட்டமாய் இன்னும் சிலர்.
எதிலும் அவன் இல்லை.
விழுந்திருப்பான் என்றேன்.
வாயைக் கழுவு என்றான்.

அப்போது வந்தான்.
தனியாக.
பின்னால், பொறுமையிழந்த மாடு மாதிரி
முனகிக்கொண்டு ஒரு வேன்,
ஓய்ந்தவர்களை அள்ளிக்கொண்டு போவது.
படம் பார்த்துத்தான் பழக்கம்,
ஆனால் காதுகள் சுரயாவின் காதுகள்.
குணாளன் கூடவே ஓடினான்,
செருப்பு ஒன்று கழன்றுவிட,
அவன் முதுகுக்கு ஒரு விரல் தள்ளிக் கையை வைத்தபடி.
தொட்டால் அபராதம்.

என்னைத் தாண்டும்போது
பெராப்பா லாகி என்று கேட்டான்.
குரல் இல்லை, உதடு மட்டும்.

உச்சிக்கு இன்னும் இரண்டரை கிலோமீட்டர்.
காலையில் நானே அளந்துகொண்டுதான் வந்தேன்.
ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
சில்லைக் கழித்துப் போட்டுவிட்டு
அடுத்ததை எடுக்கிற கண் எனக்கு.
எட்டு வருடம், ஒரு புகார் கிடையாது.

டெக்காட் டா, என்றேன்.
பக்கம்தான்.
இதோ அந்த வளைவு.

எழுந்து நின்று மிதித்தான்.

திங்கட்கிழமை இரவு
சுரயா கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
நேரக் கெடுவுக்கு நாற்பது நொடி முன்னால் போய்ச் சேர்ந்தானாம்.
மஞ்சக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா
பக்கம்தான்னு பொய் சொல்லிட்டாளாம்,
வழி முழுக்க அவளைத் திட்டிக்கிட்டே ஏறினானாம்,
என்னென்ன வார்த்தை தெரியுமா,
அம்மா கேட்டா அடிப்பாங்க.

நான் லென்ஸைத் துடைத்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.