கல்யாண வண்டிக்கு ஒரு வால்வு

போன மாதம் ஒரு மணப்பெண்ணின் தாய்
சலவைக்கடை ரசீதை அனுப்பியிருந்தாள்.
வெள்ளை உடுப்பு. கருகிய எண்ணெய் வாடை.
இரண்டு தரம் வெளுத்தும் போகவில்லை.
பெயருக்குக் கீழே ஒரு கோடு, தாள் கிழிகிற அழுத்தத்தில்.

நாற்பத்தொன்பதாம் வருஷத்து செவர்லே.
சால்ட்டோவில் எத்தனையோ பேர்
இதில் ஏறித்தான் தேவாலயம் போனார்கள்.
பின்பக்கம் எண்ணெய் ஒழுகுகிறதென்று
மூன்று முறை சீல் மாற்றினேன்.
மூன்று முறையும்
தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறேன்.

எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தேன்.
குபீரென்று முகத்தில் ஒரு சூடு.
பிஸ்டன் வளையங்களுக்குத் தப்பிய புகை
கீழே கூடி, நெரிந்து,
கிடைத்த சந்தையெல்லாம் முட்டிக்கொண்டிருந்தது.

செய்தவர்கள் ஒரு வழி வைத்துத்தான் செய்தார்கள்:
தரையைப் பார்த்து ஒரு குழாய்,
நுனி சாய்வாக வெட்டியது.
வண்டி ஓடினால், அடியில் ஓடும் காற்று
புகையை இழுத்துத் தெருவில் கொட்டும்.
ஓடினால்.
கல்யாண வண்டி எங்கே ஓடுகிறது?
அரிசி வீசுகிறவர்களின் நடைக்கு
ஆற்றங்கரைச் சாலையில் ஊர்கிறது.
இழுக்க ஆளில்லாத புகை
தரைப் பலகை இடுக்கில் ஏறி
பாவாடை மடிப்பில் குடியேறுகிறது.

பழைய இரும்புக் கிடங்கில் வாஷிங்டன் பெந்தாங்கோர்
ஒரு ஃபியட்டின் வயிற்றிலிருந்து
கட்டைவிரல் அளவு வால்வைப் பிடுங்கினார்.
காதருகே குலுக்கினார். கிலுகிலுத்தது.
"உயிர் இருக்கு. இனி உன் எஞ்சின்
தன் புகையைத் தானே தின்னும் சுல்மா.
மனுஷனும் அப்படி..."
தத்துவம் வேண்டாம், விலை சொல் என்றேன்.
இரண்டு கிலோ மாண்டரின் என்றார்.

குழாய் இருந்த இடத்தை அடைத்து
வால்வு, ரப்பர் ஹோஸ்,
மறுமுனை எஞ்சின் மூச்சிழுக்கும் பக்கம்.
முடுக்கினேன்.
தெருவே நீலமாயிற்று.
எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.
புகையோடு எண்ணெயையும் உறிஞ்சியிருக்கிறது, பேராசை.
ஆறு ஸ்பார்க் பிளக்கும் அடுப்புக்கரி.
அன்றிரவு என் பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச்சுருளை
ஒரு தகரக் குப்பியில் திணித்து
வழியில் உட்காரவைத்தேன்.
எண்ணெய் அதில் சிக்கிச் சொட்டித் திரும்பியது,
புகை மட்டும் மேலே போனது.
கார்புரேட்டர் திருகை அரைச்சுற்று.
உறுமல் தணிந்தது.

நின்று முணுமுணுக்கும்போதுதான்
இதன் உறிஞ்சல் அதிகம்.
ஊர்வலத்துக்கென்றே பிறந்த வால்வு.

சனிக்கிழமை மழை. கண்ணாடிகள் ஏற்றியாயிற்று.
பின்னால் அனாஹியும் அவள் பன்னிரண்டு முழ வெள்ளையும்.
எட்டு கிலோமீட்டர் வேகம்.
நான் மூக்காலேயே ஓட்டினேன்.
ஈரக் கம்பளி. பூச்செண்டு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
மூன்றாம் திருப்பத்தில்
எண்ணெய் வாடை.

வயிறு கலங்கிவிட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்.
பெண் சிவந்துபோய்
மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள்:
மழைக்குச் சுட்ட தோர்த்தா ஃப்ரிட்டா, நாலு, சூடு ஆறாமல்.
"காலையிலிருந்து ஒன்றும் தரவில்லை இவர்கள்."

எனக்கும் ஒன்று நீட்டினாள்.
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் அது.
அவள் மார்புப் பட்டில் ரூபாய்க்காசு அளவு கறை
மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

இந்த ரசீது மட்டும் வரட்டும்.