பறிக்கிற இடம்

பாசையூருக்கு வந்து மூண்டு வருசம்.
வேலியோரம் மட்டும்
கீரை அப்பிடிச் செழிக்கும்.

தடைக் காலத்தில், முந்தி இருந்த ஆக்கள்
பற்றரி உடைச்சு, உருக்கி,
வலைக்கு ஈயக்குண்டு வார்த்த இடம் எண்டு
ஒருத்தரும் சொல்லேல்லை.

ஜெனோசனின் இரத்தம் சொன்னது.
கடதாசியில் ஓர் இலக்கம்;
பெரியாஸ்பத்திரி டொக்டர் அதைச் சுற்றி வட்டம் போட்டா.
“மண் தின்னுறவனோ?”

தின்னுறவன்தான்.
ஆனால் நான்
பறிச்சுக் கடைஞ்சு தீத்தின கீரையை நினைச்சன்.
தவழ்ந்து வந்த உள்ளங்கையைத்
தட்டாமல் கொஞ்சினதை.

இண்டைக்குப் படலையடியில் லாண்ட்மாஸ்ரர்.
ரெண்டடி வெட்டி ஏத்தியாச்சு.
சுமைக்கு மேலே
பூசணிக்கொடி ஒண்டு, பூவோடை.

மிசினை நிப்பாட்டாமலே
அமலதாஸ் கேக்கிறான்:
“அக்கா, இதை
ஆரின்ர வளவுக்கை பறிக்க?”