சென்னியப்பன் பிரிவு

ஆடி பத்து.
காங்கேயம் ரோட்டு நிழற்குடைக்கு
நேத்துத்தான் வெள்ளையடிச்சாங்க.
வெத்தலைக் கறை அடியிலிருந்து
மெல்ல மேலே வந்துட்டிருக்கு.

மலர்வளையத்தை வெக்கறதுக்குள்ள
காத்து உருட்டிட்டுப் போயி
கிளுவை வேலியில மாட்டிருச்சு.
கணவாய்க் காத்துங்க இது,
ஆபீசரைப் பாத்தா நிக்குமா?
காக்கிச் சட்டைப் பசங்க ரெண்டு பேரு
முள்ளோட எடுத்தாந்தாங்க.
தாசில்தார் விரலைச் சப்பிக்கிட்டே
சல்யூட் வெச்சாரு.

மைக்கில அவரு பேரைச் சொன்னாங்க.
மூணு தரம் சொன்னாங்க.
ஒருதரம் தப்பா.

நான் சொன்னதில்லை.
கட்டுன நாள்லருந்து அந்தப் பேரை
என் வாய் தொட்டதில்லை.
ரேசன் கார்டுக்குக் கேட்டப்போ
சென்னிமலைப் பக்கம் கையைக் காட்டுனேன்.
பெட்டி வந்த அன்னைக்கு
ஊரே அந்தப் பேரைச் சொல்லி அழுதுச்சு.
நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.
கல்லுன்னு சொன்னாங்க.

இந்தப் பக்கம் ரோடு ரெண்டாப் பிரியற எடத்துக்கெல்லாம்
பிரிவுன்னுதான் பேரு.
முந்தி இது புளியமரத்துப் பிரிவு.
மரத்தை ரோட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க,
அவரைப் பனிக்கு எடுத்துக்கிட்டாங்க,
மிச்சமிருந்த ரெண்டையும் சேத்து
பலகை வெச்சாங்க.

கடைசி லீவு முடிஞ்சு போனதும் இங்கிருந்துதான்.
டிரங்குப் பெட்டி மேல ஒரு கால்.
சட்டைப் பையில மோட்டார் ஸ்டார்ட்டரோட
பழைய பீஸ் கட்டை ஒண்ணு,
வர்றப்ப மாத்தி வாங்கியாரேன்னாரு.
அப்பறம் ஒரு காயிதம்:
"இங்கயும் நம்மூர்க் காத்து மாதிரியேதான் ஊளையிடுது,
புழுதிதான் இல்லை."
அவ்வளவுதான் எழுதியிருந்தாரு. பாதிப் பக்கம் வெறுசு.
அந்தப் பாதியைத்தான் நான் இன்னும் படிக்கறேன்.

விழா முடிஞ்சு சால்வையை மடிச்சு வெச்சுட்டு
தேங்காக் களத்துக்குப் போனேன்.
பென்சன் வருதுங்க, போகணும்னு இல்லை.
வீட்டுல உக்காந்தா ஓடு தடதடங்குது,
களத்துல பருப்பைத் திருப்பிப் போட்டாப்
பொழுது போயிரும்.

பொழுதோட டவுன் பஸ்ஸு.
புது கண்டக்டர், மீசை இன்னும் சரியா வல்லை.
"எங்கம்மா?"
"புளியமரம்."
மிஷினைத் தட்டிப் பாத்தான்.
"அப்படி ஸ்டாப்பே இதுல இல்லைங்களே."
"கொறங்காடு தாண்டி, வளைவுல."
"பேரு சொல்லுங்கம்மா, பேரு."

பழைய கண்டக்டருங்க யாரும் கேட்டதில்லை.
என் மூஞ்சியைப் பாத்தாப் போதும்,
விசில் அடிச்சிருவாங்க.
இவன் என்ன பண்ணுவான், பாவம்,
அந்தச் சண்டை நடக்கறப்பப் பொறந்துகூட இருக்க மாட்டான்.

பின்னாடி காலேஜ் புள்ளை ஒண்ணு
"சென்னியப்பன் ஒண்ணு" ன்னு டிக்கெட் கேட்டா,
போன்லருந்து தலை எடுக்காம,
தண்ணி கேக்கற மாதிரி.
தெனமும் நாப்பது வாயில
அந்தப் பேரு எறங்கி ஏறுது.
பனிக்கட்டிக்கு அங்கிட்டு நிக்கறவரு
காதுல விழுந்தா
யாரு கூப்பிடறதுன்னு திரும்பிப் பாத்தே
கழுத்து வலிச்சிருக்கும்.
நான் ஒருத்திதான் கூப்பிடலை.

வாயைத் தெறந்தேன்.
தொண்டையில தேங்காப் பருப்புத் தூசு.

"சென்னியப்பன்."

பஸ்ஸுல யாரும் திரும்பலை.
எதுக்குத் திரும்பணும்?
மிஷின் கிறுகிறுன்னு கத்தித்
துண்டுச் சீட்டைத் துப்புச்சு.

சென்னியப்பன் பிரிவு.
மகளிர். ஒருவர்.
கட்டணம்: 0.00

எறங்கறப்போ மலர்வளையத்தோட கம்பி மட்டும்
வட்டமா நின்னுச்சு.
பூவெல்லாம் காத்து கொண்டுபோயிருச்சு,
ரோட்டுக்கு அங்கிட்டு,
ஆடு மேயற காட்டுக்குள்ள.

சீட்டைக் கசக்கலை.
இன்னொருதரம் சொல்லிப் பாத்தேன்,
மெதுவா,
பேருக்குப் பின்னால இருக்கறதை விட்டுட்டு.